பாலம் சரி

தலைமையகம்
ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கள் நலம் அறிய விழைகிறேன்.

கடந்த 5ஆம் தேதி காலை, தங்கள் ராணுவக் கம்பெனியின் லாரி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பாலத்தின் நடுப்பகுதி உடைந்து, ஓட்டுநர் உயிரிழந்தது மிகவும் வருந்தத்தக்க நிகழ்வாகும். அவருடைய இறுதி ஊர்வலத்தின்போது தங்களுடன் பேச முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். வெள்ளத்தில் உங்கள் பக்கத்து டவர் சாய்ந்துவிட்டதால் போனிலும் வழியில்லை. வயர்லெஸ்ஸில் சொந்த விஷயம் பேசக் கூடாது. ஆகவே, வாரம் இருமுறை வரும் சப்ளைப் படகில் இக்கடிதம் அனுப்பப்படுகிறது.

கீழ்க்கண்டவை தங்கள் கவனத்திற்கு:

1. அன்று காலை தங்களுக்கு அனுப்பப்பட்ட உத்தரவு, வெள்ள நிவாரணப் பணிக்கு வழக்கமாகக் கையாளப்படும் நடையிலேயே தயாரிக்கப்பட்டது. கர்னலின் ஒப்புதலும் பெறப்பட்டது.

2. விசாரணைக் குழு ஜூலை 14 அன்று கூடுகிறது. அதுவரை யார்மீதும் குற்றம் சுமத்தும் பேச்சுகளைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நல்லது. முகாமில் தாங்கள் பேசியவை இங்கே வந்து சேர்ந்துவிட்டன.

3. ஓட்டுநரின் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது. நானே தயாரித்தேன்.

என் தங்கை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மருந்துக் கடையில் வேலை சரியாக இருக்கிறது என்கிறாள். கடை என் அலுவலக ஜன்னலிலிருந்தே தெரிகிறது. அப்படி ஒன்றும் கூட்டம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்


ஆற்றங்கரை முகாம்
ஜூன் 18

கெஜட்டுக்கு,

"தங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பயிற்சிக் கல்லூரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து பதினெட்டு வருடம். நீ என்னைத் தந்தி என்றாய், நான் உன்னைக் கெஜட் என்றேன். உன் தங்கையைக் கட்டிக்கொள்ளலாமா என்று நான் ஒரு வரியில் கேட்டதற்கு நீ நாலு பக்கம் பதில் எழுதினாய். நாலாம் பக்கத்தின் அடியில்தான் சம்மதம் என்று தெரிந்தது. அப்போதுகூட "நீ"தான்.

செத்தவன் "ஓட்டுநர்" இல்லை. நிதானம். கம்பெனியில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை.

உன் உத்தரவு என் முன்னால் இருக்கிறது. நீ மறந்திருந்தால் படித்துக்கொள்:

"நிலைமைக்கேற்ப, இயன்ற அளவு விரைவில், வாகனங்கள் உள்ளிட்ட வளங்களை மறுகரைக்கு நகர்த்துவது விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது."

காலை ஆறு மணி. மழை. அக்கரையில் இரண்டு ஊருக்கு மூன்று நாளாக மருந்து இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கூடாரத்துக்குள் மூன்று பேர் நின்று இதைப் படித்தோம். சார்ஜென்ட், போகச் சொல்கிறார்கள் என்றார். கேப்டன், போனால் நல்லது என்றுதான் சொல்கிறார்கள், போகச் சொல்லவில்லை என்றான். நான், வாகனம் என்றே எழுதியிருக்கிறார்கள், பாலம் தாங்குமா என்று மேலே யாரோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். யார் கருதுகிறார்கள்? யாருக்கு விருப்பம்? நிலைமைக்கேற்ப என்றால் எந்த நிலைமை?

ஏழு மணிக்கு நிதானம் என்னிடம் வந்தான். "போகலாமா சார்?" என்றான்.

"போ" என்றேன்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

தந்தி


தலைமையகம்
ஜூன் 24

மாப்பிள்ளை,

சரி, நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டு, பிறகு வாகனக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று இன்னொரு தடவை படித்தேன். அந்த வாக்கியத்தை நான் எழுதியபோது அது நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கர்னலும், "நல்லா டிராஃப்ட் பண்ணியிருக்கீங்க" என்றார்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. கோபப்பட்டாலும் கடைசிவரை படி.

4ஆம் தேதி மாலை ஐந்து நாற்பதுக்கு உன் முகாமிலிருந்து ஒரு வயர்லெஸ் செய்தி வந்தது. சிக்னல் கிளார்க் தாளில் எழுதி என் மேஜையில் வைத்தார். மொத்தம் இரண்டே சொல்: "பாலம் சரி." கீழே உன் பெயர்க் குறி. அதைப் பார்த்துத்தான் உத்தரவில் "வாகனங்கள் உள்ளிட்ட" என்று சேர்த்தேன். நீ பாலத்தைப் பார்த்துவிட்டாய், லாரி போகும் என்று சொல்கிறாய் என்று நினைத்தேன். நீயோ, நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, இங்கே யாரோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாய். இரண்டு பேரில் ஒருவன்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் விசாரணைக் கோப்பில் இல்லை. விபத்துச் செய்தி வந்த அன்று மதியமே அதைக் கோப்பிலிருந்து எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது முழுக்க உண்மையா என்று தெரியவில்லை. தேவைப்பட்டால் என்னைக் காப்பாற்றவும் அது டிராயரில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

இன்னொன்று. நேற்று கர்னல் கூப்பிட்டார். உத்தரவில் போகச் சொல்லவில்லை, முகாமிலிருந்தும் தவறான தகவல் எதுவும் பதிவில் இல்லை, அப்படியானால் மிச்சம் இருப்பது வண்டி ஓட்டியவரின் கணிப்புதானே என்றார். "ஓட்டுநரின் கணிப்புப் பிழை" என்ற தலைப்பில் ஒரு குறிப்பு தயாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. இறந்தவருக்கு இனி இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கிறார்.

அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல். குற்றம் சொல்லக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

கெஜட்


ஆற்றங்கரை முகாம்
ஜூலை 1

மச்சான்,

ஆட்கள் நடந்து போகலாம் என்று அர்த்தம்.

4ஆம் தேதி மதியம் முழுக்கப் பாலத்துக்கு அடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். அடைத்துக்கொண்டிருந்த மரங்களை இழுத்துப் போட்டோம். கைப்பிடி ஆடியதைக் கட்டினோம். எட்டுப் பேர் அக்கரைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். கூடாரத்துக்கு வந்ததும் வயர்லெஸ் ஆபரேட்டர், தலைமையகம் பாலத்தைப் பற்றிக் கேட்கிறது என்றான். நான் ஈர பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "சரின்னு சொல்லு" என்றேன். இவ்வளவுதான். எதற்குச் சரி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் அப்படித்தானே ஓடியது.

போன வாரம் இரண்டு நாள் லீவு கிடைத்தது. முதல் நாள் வீட்டில் இருந்தேன். மருந்துக் கடைக்குப் போய் உன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் உத்தரவையும் ஒப்பித்தேன். அவள் கடைக் கணினியில் ஏதோ பதிந்துகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"டாக்டர் எழுதுன சீட்டு எனக்குப் புரியலேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

போன் செய்து கேட்பாய் என்றேன்.

"நீங்க ஏன் கேக்கல? வயர்லெஸ் பக்கத்துலதானே இருந்துச்சு?"

அவசரம் என்று சொல்லலாம் என்றால், ஆறு மணிக்கு வந்த உத்தரவு, ஏழு பத்துக்குத்தான் லாரி ஏறியது. கேட்டால் எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். அதுவும் உன்னிடம் கேட்பதா என்று.

இரண்டாம் நாள் நிதானத்தின் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். மாடியில் ஒரு அறை, கீழே ஒரு அறை. கீழே அவன் மனைவி தையல் வேலை செய்கிறாள். பள்ளிச் சீருடைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. அவன் அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அவள் உன் இரங்கல் கடிதத்தை எடுத்து வந்து ஒரு இடத்தில் விரல் வைத்தாள். "எதிர்பாராத விதமாக வாகனம் கட்டுப்பாட்டை இழந்து" என்ற இடம்.

"யார் கட்டுப்பாட்டை இழந்தாங்க சார்?" என்றாள். "வண்டி தானா இழக்குமா? தெருவுல எல்லாரும் இதைப் படிச்சிட்டாங்க. இவருக்கே ஓட்டத் தெரியலேன்னுதானே இதுக்கு அர்த்தம்?"

அவள் மாமனார் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து டிப்போ வாசலில் பழைய ஆட்களோடு உட்காரப் போவதில்லையாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிறாராம்.

விசாரணை முடியட்டும் என்றேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் விபத்து அறிக்கையிலும் இல்லை. அது மூன்று வரி. "07.10க்கு லாரி பாலத்தில் ஏறியது. நடுப்பகுதி உடைந்தது. ஓட்டுநர் இறந்தார்." நான் எழுதாமல் விட்டது: நிதானம் பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பலகையைக் காலால் மிதித்துப் பார்த்தான். திரும்பி வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த நாலு பேரையும் இறங்கச் சொன்னான். "நீங்க நடந்து வாங்க, நான் காலியா மெதுவா வர்றேன்" என்றான். அந்த நாலு பேரும் இப்போது எனக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் உன் கர்னலுக்குக் கணிப்புப் பிழை என்று சொல்ல வாய் வந்திருக்காது. குறைவாக எழுதினால் வலி குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்தத் தாளைக் கோப்பில் வை.

தந்தி


தலைமையகம்
ஜூலை 5

மாப்பிள்ளை,

நாலு பேரை இறக்கிவிட்டான் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"கட்டுப்பாட்டை இழந்து" என்பதை நான் எப்படி எழுதினேன் தெரியுமா? முதலில் "பாலம் உடைந்ததால்" என்றுதான் எழுதினேன். அப்படி எழுதினால் பாலம் ஏன் உடைந்தது, யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி வருமே என்று அடித்தேன். யாரையும் புண்படுத்தாத சொல்லாகத் தேடினேன். கிடைத்தது. உயிரோடு இருக்கிற நம்மில் யாரையும் அது புண்படுத்தவில்லை, உண்மைதான்.

தாளைக் கோப்பில் வைத்தால் மட்டும் போதாது. அது ஏன் இத்தனை நாள் இல்லை என்று கேட்பார்கள். நான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு அதிகாரி விசாரணைக் கோப்பிலிருந்து தாளை எடுப்பது சரியாக எழுதாததைவிடப் பெரிய குற்றம். ஆகஸ்டில் லெப்டினன்ட் கர்னல் பதவிக்கான தேர்வுக் குழுவில் என் பெயர் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்று நாளாக அதைத்தான் நினைக்கிறேன். வீட்டில், ஏன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம். திருத்தினால் மூன்றரை. அதைச் சுருக்கினேன், ஐந்து பக்கம் ஆகிவிட்டது. சிரிக்காதே. ஒவ்வொரு வரியும் தனக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது.

மூன்றாவது வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கருத்து வேண்டும். சாட்சிகள் இருவர் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்வது முறையா என்றும் யோசித்தேன். முறையில்லை என்றால் அதையும் அங்கே சொல்லிவிடுகிறேன்.

கெஜட்


ஆற்றங்கரை முகாம்
ஜூலை 9

மச்சான்,

உன் வாக்குமூலத்தை நான் திருத்த மாட்டேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை, அடிக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் ஓரத்தில் பென்சிலால் கேள்வி போட்டிருக்கிறேன். ஒரே கேள்விதான், பத்தொன்பது இடத்தில்: யார்?

"செய்தி பெறப்பட்டது." யார் பெற்றது? "அதனடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது." யார் எடுத்தது? "தாள் கோப்பில் இடம்பெறாமல் போனது." தானாக எழுந்து போயிற்றா? ஐந்து பக்கத்தில் நீ எங்கேயும் இல்லை மச்சான். ஆளில்லாத ஆபீஸில் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் மழையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மழையை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

உன்னைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் வாக்குமூலத்தை எழுதிவிட்டு கேப்டனிடம் படிக்கக் கொடுத்தேன். ஆறு வரி. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், நான் அங்க இருந்ததால எனக்குப் புரியுது. இல்லாதவங்களுக்குப் புரியாது." நாலு வருடமாக என்னோடு இருக்கிறான். எத்தனை முறை புரியாமல் தலையாட்டியிருப்பான் என்று அன்றுதான் யோசித்தேன். கேட்டேன். "நெறைய தடவை சார்" என்றான்.

அதனால் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன். எத்தனை மணி, யார் எங்கே நின்றார்கள், யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன். "போ" என்று நான் சொன்னதை எழுதும்போது வெளியே போய்விட்டு வந்தேன். இரண்டு பக்கம் வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதில் இதுதான் பெரிது.

தேர்வுக் குழுவைப் பற்றி நான் என்ன சொல்வது. போகும். அதை இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இந்தக் கம்பெனி போகலாம்.

14ஆம் தேதி காலைப் படகில் வருகிறேன்.

தந்தி


தலைமையகம்
ஜூலை 15

மாப்பிள்ளை,

நேற்று உன்னை முதலில் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். உனக்குப் படகைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நான் உள்ளே போனபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

நீண்ட மேஜை, மூன்று பேர். நடுவில் வேறு படைப்பிரிவிலிருந்து வந்த அந்த அம்மா. பிரிகேடியர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் கடைசிவரை படிக்கிறவர். கர்னல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தயாரிக்கச் சொன்ன குறிப்பை நான் தயாரிக்கவில்லை என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

என் வாக்குமூலம் கடைசியில் முக்கால் பக்கம். படித்தேன்:

"ஜூன் 4 மாலை 'பாலம் சரி' என்ற செய்தி எனக்கு வந்தது. எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. லாரி போகலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உத்தரவை நான் எழுதினேன். அதில் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பின்னால் என்ன நடந்தாலும் என்மேல் வராதபடி எழுதினேன். 5ஆம் தேதி மதியம் அந்தச் செய்தித் தாளைக் கோப்பிலிருந்து நான் எடுத்தேன். இதோ."

தாளை மேஜையில் வைத்தேன். அந்த அம்மா அதைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இந்த உத்தரவை இன்னிக்கு எழுதினா எப்படி எழுதுவீங்க மேஜர்?" என்று கேட்டார்.

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. நின்றபடியே சொன்னேன்: "பாலம் லாரியோட எடையைத் தாங்குமான்னு பார்த்து எனக்குச் சொல்லுங்க. நான் பதில் சொல்ற வரைக்கும் லாரியை ஏத்தாதீங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். "சொல்லி முடிக்கப் பத்து செகண்ட்கூட ஆகல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீயும் நானும் கடிதம் எழுதிக்கொண்டதையும் சொன்னேன். கடிதங்களைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். உன் பென்சில் கேள்விகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார்.

என்மீதும் உன்மீதும் என்ன நடவடிக்கை என்பது தெரிய மூன்று வாரம் ஆகும். ஆனால் ஒன்றை நேற்றே பதிவில் எழுதச் சொல்லிவிட்டார்: ஓட்டுநர்மீது எந்தத் தவறும் இல்லை. நாலு பேரை இறக்கிவிட்டதும் பதிவில் இருக்கிறது. குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் வரைவு தயாரிக்கிறேன் என்று வாயெடுத்தேன். கர்னல் முதல் முறையாகப் பேசினார்: "வேண்டாம். லாரியை அனுப்பினவரே எழுதட்டும்."

அவர் சொன்னது சரிதான். நீ எழுது. என்னிடம் காட்ட வேண்டாம்.

தங்கை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். போகும்போது, என் பிரஷர் மாத்திரையை நான் சரியாகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கெஜட்


ஆற்றங்கரை முகாம்
ஜூலை 20

மச்சான்,

கடிதத்தைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. 18ஆம் தேதி நேரில் கொண்டுபோனேன். நான் எழுதியது இது:

"உங்கள் கணவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தப் பாலம் லாரியைத் தாங்குமா என்று பார்த்திருக்க வேண்டியவர்கள் நானும் உத்தரவை எழுதிய அதிகாரியும். பார்க்கவில்லை. போகலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். போ என்று நான் சொன்னேன். பாலத்தில் ஏறும் முன் அவர் வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்த நான்கு பேரையும் இறக்கி நடந்து வரச் சொன்னார். அந்த நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை விசாரணைக் குழுவும் பதிவு செய்திருக்கிறது. நீங்கள் இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்."

கீழே என் பெயர், பதவி, கையெழுத்து. நான்கு பேரின் பெயர்களையும் எழுதியிருந்தேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனாள். பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்று மாமனாரைக் கூப்பிட்டாள். அவர் இறங்கி வந்து, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி, அது இல்லாமல் கடிதத்தைத் தூரமாகப் பிடித்து வாய்விட்டுப் படித்தார். நிறுத்தி இறக்கிவிட்டான் என்ற இடத்தில் தலையை நிமிர்த்தி, "பலகையை இறங்கிப் பாத்தானா?" என்று என்னைக் கேட்டார். அது கடிதத்தில் இல்லை. பார்த்தான், காலால் மிதித்துப் பார்த்தான் என்றேன். "பாப்பான்" என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டிப்போ பக்கம்தான் போனார். வாசலில் நின்று பார்த்தேன்.

எனக்கு மனம் லேசான மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

"இதை எழுத எத்தனை நாள் சார் ஆச்சு?"

ஒரு மணி நேரம் ஆனது என்றேன்.

"அதைக் கேக்கல. அன்னிலேருந்து எத்தனை நாள்?"

எண்ணிச் சொன்னேன். நாற்பத்து மூன்று.

"இதெல்லாம் அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

அவள் தைக்காமல் வைத்திருந்த சட்டைக் காலரை எடுத்து மிஷினில் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அவ்வளவு விவரமாக எழுதினேன், பார், அந்த நாற்பத்து மூன்று நாளைப் பற்றி ஒரு வரி இல்லை.

தந்தி


தலைமையகம்
ஆகஸ்ட் 6

மாப்பிள்ளை,

முடிவு வந்துவிட்டது. அதிகாரப்பூர்வ நகல் உனக்கு வரும், அதற்கு முன் நானே சொல்கிறேன். உனக்கு எழுத்துமூலக் கண்டனம். கம்பெனி உன்னிடமே இருக்கும். எனக்குக் கடும் கண்டனம், கோப்பிலிருந்து தாளை எடுத்ததற்காக. தேர்வுக் குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த மாதம் முதல் சரக்குக் கிடங்கில் வேலை. உத்தரவு எழுதும் பொறுப்பு இனி என்னிடம் இல்லை.

கர்னல் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அவருடைய ஒப்புதலும் தவறு என்று அறிக்கை சொல்கிறது. அவருக்கும் ஒரு வரிக் கண்டனம் விழுந்திருக்கிறது. "என் கையெழுத்துக்கு வந்ததையெல்லாம் நான் படிச்சேன்னு நினைச்சேன்" என்றார்.

நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தூங்குகிறேன். வீட்டில், கிடங்கு என்றால் மாலை ஐந்தரைக்கு வந்துவிடலாமே என்கிறார்கள்.

ஆனால் அவள் உன்னிடம் கேட்டது என்னைக் கேட்ட மாதிரியே இருக்கிறது. அந்த நாற்பத்து மூன்று நாளில் அவளைத் தெருவில் தலைகுனிய வைத்தது உன் வரி இல்லை, என் வரி. "கட்டுப்பாட்டை இழந்து." அதை எழுதியவன் இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டு நல்லபடியாக இரண்டு பக்கம் வந்தது. தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணா, இதுக்கும் அவங்க உக்காந்து அர்த்தம் கண்டுபிடிக்கணுமா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். கையில் எதுவும் எழுதி எடுத்துப் போகவில்லை. கதவைத் திறந்தால், அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நேரம் பேசினாலும், பேசாவிட்டாலும், அங்கே நிற்கப் போகிறேன்.

கெஜட்